லீவு விட்டாச்சு, கையில் காசு கம்மி: சின்னப் பிள்ளைகளோடு சென்னைக் கோடை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடியதும் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சுதான்: "இந்த ஒரு மாசத்துக்கு இதுங்கள வச்சுக்கிட்டு என்ன பண்றது?" எனக்கு ஏழு வயதில் மகள், நான்கு வயதில் மகன். குரோம்பேட்டைப் பக்கம் வீடு. கார் கிடையாது. மூன்று கோடையைப் பெரிய செலவில்லாமல் கடத்தியிருக்கிறேன் என்பதால் அக்கம்பக்கத்தவர், நாத்தனார், தங்கை எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் சென்னைக் கதை. மற்ற ஊர்க்காரர்களுக்கும் கடைசிப் பக்கம் கொஞ்சம் உண்டு.

வெளியே கூட்டிப்போனாலே ஆயிரம் ரூபாய் ஆகிவிடுகிறதே, எப்படிக் குறைப்பது?

டிக்கெட்டுக்குத்தான் காசு போகிறது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை நோட்டில் எழுதிப் பார்த்தேன். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு நான்கு பேர் போன நாளில் நுழைவுச் சீட்டு நூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஆட்டோ, வாசலில் ஜூஸ், பலூன், திரும்பும்போது பசி தாங்காமல் ஏறிய ஓட்டல், இவை சேர்ந்து ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. அதிலும் ஓட்டல்தான் பாதி.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். புளிசாதமோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டுதான் கிளம்புவோம். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். பிள்ளைகள் கேட்கும் முன்பே எடுத்து நீட்ட ஒரு டப்பாவில் பொரி, கடலை, வெள்ளரித்துண்டு. வாசலில் பலூன்காரரைப் பார்த்து அழுவது பாதி நேரம் பசியால்தான், வயிறு நிறைந்த பிள்ளைக்குப் பலூன் அவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லை.

போக்குவரத்து இன்னும் சுலபம். 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, மகளும் அதில் சேர்த்தி. அரசுப் பஸ்ஸில் ஐந்து வயது வரை பையனுக்கும் டிக்கெட் இல்லை. ஆக நாங்கள் மூன்று பேர் கிளம்பினால் பஸ் செலவு பூஜ்ஜியம். அப்பா கூட வந்தால்தான் செலவு என்று மகள் கணக்குப் போட்டுச் சொன்னாள். புறநகர் ரயிலிலும் ஐந்து, பத்து ரூபாயில் வேலை முடிந்துவிடும். ஆபீஸ் கூட்டம் ஏறும் நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இந்த வெயிலில் எத்தனை மணிக்கு வெளியே போவது?

காலை ஒன்பதுக்கு முன், மாலை ஐந்துக்குப் பின். நடுவில் வீடு, இல்லையென்றால் மேலே கூரையும் காற்றும் உள்ள இடம். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். அந்த நாட்களில் இந்த விதியை நான் மீறுவதே இல்லை.

சென்னைக்கு ஒரு சௌகரியம் கடல்காற்று. அது மதியம் சீக்கிரம் வந்துவிட்டால் சாயங்காலம் தாங்கும். மேற்கிலிருந்து வீசும் காற்று அதைத் தடுத்து நிறுத்திவிடும் நாட்களில்தான் ஊர் கொதிக்கிறது. மூன்று மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். துணி கிழக்கிலிருந்து மேற்காக ஆடினால் மாலையில் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகலாம். அனல் அடித்தால் அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிடுவோம்.

கடற்கரை இலவசம்தானே, அங்கேயே போய்விடலாமா?

போகலாம், ஆனால் எல்லோரும் போகும் ஞாயிறு மாலையில் வேண்டாம். கூட்டம், பஜ்ஜி, குதிரை, பொம்மைக்கடை என்று எல்லாமே பர்ஸைக் குறிவைத்து நிற்கும். வார நாளில், விடிகாலையில் போங்கள். மே மாதத்தில் சூரியன் ஆறு மணிக்குக் கால் மணி நேரம் முன்பே எழுந்துவிடும். ஐந்தரைக்குப் பெசன்ட் நகரிலோ மெரினாவிலோ மணலில் உட்கார்ந்தால் சூரியன் கடலிலிருந்து வருவதைப் பார்க்கலாம், கட்டுமரமும் படகும் கரை திரும்புவதைப் பார்க்கலாம், நண்டு வளை தோண்டுவதைப் பார்க்கலாம். ஏழரைக்கு வீடு திரும்பிவிடலாம். ஒரு கடையும் திறந்திருக்காது என்பது கூடுதல் லாபம்.

குளிக்க மட்டும் இறக்காதீர்கள். சென்னைக் கரையில் அலை திரும்பும்போது உள்ளே இழுக்கும் இழுவை பெரியவர்களையே சாய்த்துவிடும். கணுக்கால் நனையும் அளவுக்கு, கையைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவுதான். மணலில் விளையாட பக்கெட் செட் வாங்க வேண்டாம். பழைய தயிர் டப்பா இரண்டு, ஒரு கரண்டி போதும். தயிர் டப்பா கோட்டை பிளாஸ்டிக் கோட்டையைவிட உறுதியாக நிற்கிறது.

அந்த ஆமைக் குஞ்சு விடுவதை நாமும் பார்க்கலாமா?

பார்க்கலாம். என்னைக் கேட்டால் சென்னையில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய முதல் காட்சி அதுதான். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி மணலில் முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். நாயும் மனிதரும் கெடுத்துவிடாமல் அவற்றை எடுத்து வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து வைப்பார்கள். வனத்துறையும் இதைச் செய்கிறது, 1988 முதல் மாணவர் குழு ஒன்றும் செய்துவருகிறது. 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். மார்ச், ஏப்ரலில், சில வருஷம் மே தொடக்கம் வரை, மாலை ஐந்தரை, ஆறு மணிக்குக் கடலில் விடுவார்கள். பெசன்ட் நகர்க் கரையில் நின்று பார்க்கக் காசு கிடையாது.

தினமும் குஞ்சு பொரியும் என்று உத்தரவாதம் இல்லை. நாங்கள் இரண்டு முறை வெறும் மணலைப் பார்த்துத் திரும்பி, மூன்றாவது முறைதான் பார்த்தோம். ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, கோட்டைத் தாண்டக் கூடாது, குஞ்சைத் தொடக் கூடாது. மகன் அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் நின்றது அந்த ஒரு நாள்தான். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சு அதிகம் என்று தன்னார்வலர் ஒருவர் விளக்கினார். ஒரு வாரம் கழித்தும் "நான் பொறந்தப்ப வெயில் கம்மியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பத்து மணி முதல் நான்கு மணி வரை வீட்டுக்குள் என்ன செய்ய?

இதுதான் உண்மையான கேள்வி, மற்றதெல்லாம் சும்மா. நான் கண்டது, சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானைவிட வீட்டு வேலை பிடிக்கும். நாம் அவசரத்தில் விரட்டிவிடுவதால்தான் அவர்கள் டிவி பக்கம் போகிறார்கள்.

வத்தல் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். இரவே ஜவ்வரிசி ஊறவைத்து, விடிகாலையில் கூழ் காய்ச்சி, ஆறு மணிக்கு மாடியில் பழைய வேட்டியை விரித்துக் கரண்டியால் ஊற்றுவோம். மகள் வட்டமாக ஊற்றுவாள், மகன் ஊற்றுவது எந்த வடிவம் என்று சொல்ல முடியாது. அப்புறம் காக்காய் காவல். மாடிப்படி நிழலில் கறுப்புக் குடையும் குச்சியும் வைத்துக்கொண்டு உட்கார்வார்கள். எட்டரைக்கு நான் கீழே கூட்டிவந்துவிடுவேன், குடை மட்டும் தனியாகக் காவல் காக்கும். மாலையில் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் அரைக்காய்ச்சல் வத்தலை உரித்துத் தின்பதற்கு இணையாக எந்த ஐஸ்கிரீமும் இல்லை. இரண்டு நாள் பொழுது போகிறது, வருஷத்துக்கு வத்தலும் ஆகிறது.

பல்லாங்குழி எடுங்கள். பலகை இல்லையென்றால் சாக்கட்டியால் தரையில் பதினான்கு வட்டம் போட்டால் ஆயிற்று. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் எழுபது. மகள் கூட்டல் கழித்தலைப் பயிற்சிப் புத்தகத்தைவிட இதில்தான் நன்றாகக் கற்றாள் என்பது என் எண்ணம். விளையாடத் தெரியாத தம்பிக்கு ஒரு குவியலைக் கொடுத்து, வாயால் ஊதிப் பிரிந்து விழுகிற கொட்டைகளை எடுக்கச் சொன்னால் போதும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் புளியங்கொட்டை, சோழி எதுவும் வேண்டாம். தொண்டையில் சிக்கும், மூக்கிலும் போட்டுக்கொள்ளும்.

நுங்கு வாங்கும்போது கடைக்காரரிடம் வெட்டிய கூந்தல் (நுங்கு எடுத்த வெறுங்காய்) இரண்டைக் கேட்டு வாங்குங்கள், சும்மாவே தருவார். நடுவில் ஒரு குச்சியைச் செருகி இரண்டையும் சக்கரமாக்கி, கவட்டைக் குச்சியால் தள்ளினால் நுங்கு வண்டி. என் கணவர் செய்து கொடுத்தார். பிள்ளைகளைவிட அவர்தான் அதிகம் ஓட்டினார். பூவரச இலையைச் சுருட்டி ஒரு முனையை நசுக்கினால் பீப்பி. தென்னை ஓலையில் கைக்கடிகாரம், பாம்பு, கண்ணாடி. உங்களுக்கு மறந்துவிட்டால் பாட்டிக்குப் போன் போடுங்கள். எங்கள் அத்தை வீடியோ காலிலேயே ஓலைப் பாம்பு சொல்லிக்கொடுத்தார், அரை மணி நேரம் அவருக்கும் பொழுது போயிற்று.

ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்ததும் பழைய பெயின்ட் பிரஷும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்து மாடிச் சுவருக்கு "வெள்ளையடிக்க"ச் சொல்லுங்கள். அடித்து முடிப்பதற்குள் ஆரம்பித்த இடம் காய்ந்திருக்கும். மறுபடி அடிக்கலாம்.

ஐஸ், ஜூஸ் என்று தினமும் கேட்கிறார்களே?

எலுமிச்சை ஜூஸையோ நன்னாரி சர்பத்தையோ சின்ன எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, ஸ்பூனைச் செருகி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மறுநாள் குச்சி ஐஸ். கடை ஐஸ் ஒன்றின் விலையில் எட்டோ பத்தோ வரும். மாம்பழக் கூழும் தயிரும் கலந்தது எங்கள் வீட்டில் முதல் இடம். சாலையோரம் வெட்டி வைத்த தர்பூசணியை நான் வாங்குவதில்லை, முழுப் பழமாக வாங்கி வீட்டில் வெட்டுவது சல்லிசும்கூட.

"போரடிக்குது" என்றால் என்ன சொல்வது?

ஒன்றும் சொல்லாதீர்கள். ஒரு கால் மணி நேரம் நச்சரிப்பைத் தாங்கினால் அவர்களே தலையணையை அடுக்கிப் பஸ் ஓட்ட ஆரம்பித்துவிடுவார்கள். தாங்க முடியாத நாளும் உண்டு, அன்றைக்குப் போனைக் கொடுத்துவிடுவேன். இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அந்தக் கணக்கில் எங்கள் வீடு சில நாள் பாஸ், சில நாள் பெயில்.

ஏசியில் உட்கார, காசில்லாமல், ஓர் இடம் உண்டா?

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-இல் திறந்தது. முதல் தளம் முழுக்கக் குழந்தைகளுக்கு. நடுவில் ஒரு பெரிய செயற்கை மரம், சுற்றிலும் படப்புத்தகங்கள், குட்டி நாற்காலிகள். நுழைவுக் கட்டணம் கிடையாது. உறுப்பினராகாமலே அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். மாலில் போய்க் குளிர்ச்சியில் உட்கார்வதைவிட இது எவ்வளவோ மேல். மாலில் ஏசி இலவசம் என்று போய் விளையாட்டு டோக்கனில் ஐந்நூறு விட்டவள் நான்.

நான்கு வயதுப் பிள்ளை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கே தாங்காது. புத்தகத்தை இழுப்பான், ஓடுவான், பக்கத்துக் குழந்தையோடு சண்டை போடுவான். தாங்கும் வரை இருந்துவிட்டு வாருங்கள். வாரம் ஒரு முறை போனால் மூன்றாவது வாரத்தில் தானாகவே போய் அதே யானைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவான்.

தூரம் என்றால் உங்கள் பகுதிக் கிளை நூலகத்தைப் பாருங்கள், ஏசி இருக்காது, மின்விசிறி இருக்கும். வீட்டிலிருந்தபடியே படிக்க பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சடித்தும் கொள்ளலாம்.

நூலகத்துக்கு அருகிலேயே 1988 முதல் இயங்கும் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். இருட்டில் பயப்படும் பிள்ளையென்றால் ஓர வரிசையில் உட்காருங்கள். வளாகத்தில் பிள்ளைகளே தொட்டு இயக்கிப் பார்க்கும் அறிவியல் சாதனங்கள் இருக்கின்றன. என் மகனுக்கு நட்சத்திரங்களைவிட அவைதான் பிடித்தன.

அருங்காட்சியகம் சின்னப் பிள்ளைகளுக்கு அலுக்காதா?

முழுக்கச் சுற்றினால் நமக்கே அலுக்கும். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது, ஒரே நாளில் பார்த்து முடிக்கும் இடம் இல்லை. நாங்கள் ஒரு தடவைக்கு இரண்டே பொருள் என்று வைத்துக்கொண்டோம். முதல் தடவை திமிங்கில எலும்புக்கூடும் முற்றத்துப் பீரங்கிகளும். அடுத்த தடவை நடராசர் செப்புச் சிலையும் சிறுவர் பிரிவுப் பொம்மைகளும். பார்த்து முடித்ததும் மரத்தடியில் கட்டுச்சோறு, வரைய ஒரு தாள்.

வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். இது தெரியாமல் வெயிலில் கேட் வரை போய்த் திரும்பியிருக்கிறோம். கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்கும் செவ்வாய் விடுமுறை, பெரம்பூர்ப் பக்கம் இருக்கும் ஐசிஎஃப் ரயில் அருங்காட்சியகத்துக்குத் திங்கள். இந்த மூன்று கிழமைகளையும் ஃப்ரிட்ஜில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அப்போ வண்டலூர்?

சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள், ஐந்து வயதுக்குக் கீழ் வேண்டாம். பூங்கா 602 ஹெக்டேர். மே மாத வெயிலில் நான்கு வயதுக் கால் அதில் பத்தில் ஒரு பங்கு நடக்காது. பேட்டரி வண்டி, டிக்கெட், தின்பண்டம் எல்லாம் கூட்டினால் சிக்கனம் என்ற சொல்லுக்கே இடமில்லை. மிருகங்களும் மதியம் நிழலில் சுருண்டு கிடக்கும். டிசம்பரில் போங்கள், அவையும் நடமாடும், நீங்களும் நடக்கலாம். (இந்த மிருகக்காட்சிசாலை 1855-இல் பிறந்ததே எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில்தான். வண்டலூருக்கு வந்தது 1985-இல். திமிங்கிலத்தின் கீழே நின்று இதைச் சொன்னபோது மகள், "அப்ப இங்க புலி இருந்துச்சா?" என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.)

இதே காரணத்துக்காக வேடந்தாங்கலும் இப்போது வேண்டாம். பறவைகள் நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நிறைந்திருக்கும்.

வண்டிப் பைத்தியமான பிள்ளைக்கு?

அப்படிப்பட்ட பிள்ளை கிடைத்தது உங்கள் பர்ஸுக்கு வரம். போய்ச் சேரும் இடமே தேவையில்லை. தாம்பரத்திலிருந்து கடற்கரை ஸ்டேஷன் வரை மதிய நேரக் காலி ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய், அடுத்த ரயிலில் திரும்புங்கள். மெட்ரோவென்றால் விமான நிலையத்திலிருந்து சின்னமலை வரை மேலே ஓடும், ஊர் தெரியும். அதற்கப்புறம் சுரங்கம், ஜன்னலில் இருட்டுத்தான்.

விமானம் பார்க்க, மாலையில் பரங்கிமலை ஏறுங்கள். 300 அடி உயரம்தான், நூற்றுச்சொச்சம் படி. மேலே பழைய தேவாலயம், கீழே விமான நிலையம் விரிந்து கிடக்கும். விமானம் இறங்குவதையும் ஏறுவதையும் எண்ணிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரலாம். வழிபாட்டு இடம் என்பதால் கத்தாமல் இருக்க முன்கூட்டியே பேச்சுவார்த்தை நடத்திவிடுங்கள்.

சம்மர் கேம்பில் சேர்க்காவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடுமா?

இல்லை. நான்கு வயதில் ரோபோடிக்ஸ் கற்க வேண்டியதில்லை. ஒரு கேம்பில் கட்டணம் கட்டிச் சேர்த்தேன். இரண்டு வாரமும் வண்ணக் காகிதம் ஒட்டினார்கள். வீட்டிலும் அதையேதான் ஒட்டியிருப்பாள்.

பாட்டு, பரதம், ஓவியம் என்று உண்மையிலேயே ஆர்வம் தெரிந்தால் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றத்தை விசாரியுங்கள். 5 முதல் 16 வயது வரை சேர்க்கிறார்கள், தனியார் வகுப்போடு ஒப்பிட்டால் கட்டணம் ஒன்றுமே இல்லை. பல மாவட்டங்களில் இருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் நாங்களே ஒன்று நடத்தினோம். ஐந்து அம்மாக்கள், ஆளுக்கு ஒரு நாள், காலை பத்து முதல் பன்னிரண்டு. ஒருத்தர் கோலம், ஒருத்தர் கதை, ஒருத்தர் சப்பாத்தி உருட்டல், எதிர்வீட்டுத் தாத்தா சதுரங்கம். ஒரு வாரத்தில் நான்கு நாள் இரண்டு மணி நேரம் எனக்கு ஓய்வு கிடைத்தது. செலவு மோர் மட்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடுகள் தங்கள் முறையைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

ஊருக்கு அனுப்பிவிடலாமா?

தாத்தா பாட்டி தாங்குவார்கள் என்றால் தாராளமாக. ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழ் டிக்கெட் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வரை தனி பெர்த் கேட்காவிட்டால் பாதி, கேட்டால் முழுக் கட்டணம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, மே முதல் வாரத்துக்கு மார்ச்சிலேயே உட்கார வேண்டும். அனுப்பும்போது பாட்டிக்கும் கொஞ்சம் காசு கொடுத்துவிடுங்கள். அவர் வாங்கித் தரும் மாம்பழமும் முறுக்கும் இலவசம் என்று நினைத்துக்கொள்வது நம் வசதிக்காகத்தான்.

தண்ணீரில் விளையாட விடலாமா? தண்ணீர்ப் பஞ்சம் வேறு.

வாரம் இரண்டு நாள் ஒரு டப் தண்ணீர் என்று அளவு வைத்திருக்கிறோம். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அதற்கு மேல் மனசு வராது. விளையாடி முடித்த தண்ணீர் செடிக்கும் மாடி கழுவவும் போகும். மிதக்குமா மூழ்குமா என்று கரண்டி, எலுமிச்சை, உருளைக்கிழங்கு, செருப்பு எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பார்கள்.

அரை அடித் தண்ணீரிலும் சின்னக் குழந்தை மூழ்கிவிடும், சத்தமே வராது. போன் அடித்தாலும், காலிங் பெல் அடித்தாலும், டப் பக்கத்திலிருந்து நகராதீர்கள். முடிந்ததும் டப்பைக் கவிழ்த்து வையுங்கள், பாத்ரூம் பக்கெட்டையும் சேர்த்து.

வெயில் தாக்கியதா என்று எப்படித் தெரியும்?

சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ வழக்கத்தைவிடக் குறைந்தாலோ தண்ணீர் போதவில்லை. கேட்கும் வரை காத்திருக்காமல் அரை மணிக்கொரு தடவை கொடுங்கள். மோர், இளநீர், நீராகாரம் எல்லாம் நல்லது. ஆறு மாதத்துக்குக் கீழ் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால் ஓஆர்எஸ். அவசரத்துக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பிள்ளை துவண்டு, உடம்பு கொதித்து, கேட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் இருந்தால் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிஷம்கூடத் தனியே விடாதீர்கள்.

படிப்பும் விளையாட்டுமாக ஏதாவது?

நிழலில்லா நாள். வருஷத்தில் இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்டு வைத்த கம்பத்தின் நிழல் காலடியிலேயே மறைந்துவிடும். முதல் நாள் கோடை விடுமுறையை ஒட்டி வருகிறது: கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில், மதுரையில் 16 வாக்கில், சென்னையில் 24 வாக்கில். சென்னையில் நேரம் பகல் 12 மணி 7 நிமிஷத்தை ஒட்டி. மாடியில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்து, தொப்பி போட்டு ஐந்தே நிமிஷம் நின்றால் போதும். முந்தைய நாளும் மறுநாளும் வைத்துப் பார்த்தால் நிழல் எந்தப் பக்கம் தாவுகிறது என்பதும் தெரியும். எங்கள் மகன் தன் நிழல் தொலைந்துபோனதாக அழுதான், அதற்கும் தயாராக இருங்கள்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு ஒரு தடவையாவது?

மே மாதத்தில் சிக்கனமாக முடியாது. அறை வாடகை ஏறிக் கிடக்கும், சொந்த வண்டிக்கு இ-பாஸ், மலைப்பாதையில் மணிக்கணக்கில் வரிசை, பின்சீட்டில் வாந்தி. குளிர்ச்சிதான் வேண்டுமென்றால் ஜோலார்பேட்டை வரை ரயிலில் போய் ஏலகிரி ஏறலாம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுதான். பள்ளி திறந்த பிறகு ஒரு சனி ஞாயிறு போனால் இன்னும் நல்லது.

நாங்கள் சென்னையில் இல்லையே?

மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்தது, குழந்தைகள் பகுதி அருமை. திருச்சியில் ஸ்ரீரங்கம் பக்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, காலையிலேயே போய்விடுங்கள். கல்லணையை மே மாதத்தில் காட்டினால் பெரும்பாலும் மணலைத்தான் காட்டுவீர்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்த பிறகுதான் தண்ணீர் வந்து சேரும். குற்றாலமும் ஜூனில்தான். கோவையில் 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் மரத்தையும் பூச்சியையும் விரும்பும் பிள்ளைக்கு ஏற்றது. கிராமம் என்றால் நான் சொல்ல என்ன இருக்கிறது, உங்கள் பிள்ளைகளிடம்தான் நாங்கள் நுங்கு வண்டி செய்யக் கற்க வேண்டும்.

ஒரு வாரத்துக்கு எவ்வளவு ஆகிறது?

எங்கள் நோட்டிலிருந்து ஒரு வாரம். திங்கள்: வத்தல், ஜவ்வரிசி 60 ரூபாய். செவ்வாய்: நூலகம், டவுன் பஸ், செலவில்லை. புதன்: வீடு, சாக்கட்டி 10. வியாழன்: நுங்கு 80, வண்டி இலவசம். வெள்ளி: பூங்கா, திரும்பும்போது ஒரு சுண்டல் 20. சனி: விடிகாலைக் கடற்கரை, அப்பாவின் பஸ் டிக்கெட்டும் பாதி வழியில் வாங்கிய ஃபில்டர் காபியும் 50. ஞாயிறு: உறவுக்காரர் வீட்டுக்குப் போனோம், பழம் 150. மொத்தம் 370. எல்லா வாரமும் இப்படி அமைவதில்லை, அடுத்த வாரம் மகள் செருப்பைத் தொலைத்தாள்.

இரவில் புழுக்கத்தில் தூங்கவே மாட்டேன் என்கிறார்களே?

மாடியில் தண்ணீர் தெளித்து, பாய் விரித்து, கொசுவலை கட்டிவிடுங்கள். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் பிள்ளைகளைத் தனியே விடாமல் கூடவே படுங்கள். எட்டு மணிக்கு மேல் வடக்கே பாருங்கள், ஏழு நட்சத்திரம் அகப்பை போல நிற்பது சப்தரிஷி மண்டலம். மே மாதத்தில் பத்து மணிக்கு விழித்திருந்தால் தென்கிழக்கில் விருச்சிகம் கொடுக்கை வளைத்துக்கொண்டு ஏறும். சித்திரைப் பௌர்ணமி அன்று நிலாவுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு நட்சத்திரம் தெரியும். அதன் பெயர்தான் சித்திரை, மாசத்துக்கும் அந்தப் பெயர் அங்கிருந்துதான் வந்தது. மகள் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப ஆவணி எங்க இருக்கு?" என்றாள். நான் தூங்குவது போல் நடித்தேன்.